ஓவியா திரும்பவில்லை

நவம்பர் 26

காதணி விழாப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. மேலே பிள்ளையார், நடுவில் வாயில் விரலோடு ஓவியா. டிசம்பர் பன்னிரண்டு, மாரியம்மன் கோயில் மண்டபம். பந்தல், பம்பை, மைக் செட் எல்லாம் சொல்லியாகிவிட்டது. அத்தை ஒரு பத்திரிகைக்கு மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு என்னிடம், "காது குத்தினா பேச்சு தன்னால வந்துடும். நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத" என்றார்.

பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையே என்று நான் கவலைப்படுவதாக மாமியார் நினைத்துக்கொண்டிருக்கிறார். பேச்சைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. என் பிள்ளைக்குக் காது கேட்கிறதா? இதை இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன். எழுதிவிட்டு கதவைப் பார்த்தேன், யாரும் வருகிறார்களா என்று.

தீபாவளியன்று வாசலில் சரவெடி. உள்ளே சேலையில் கட்டிய ஏணையில் தூங்கியவள் புரளக்கூட இல்லை. "எம் பேத்தி படுத்தா ராணி மாதிரி தூங்குவா" என்று அத்தை தெரு முழுக்கச் சொன்னார். நானும் சிரித்தேன். அவளுக்கு ஒரு வயது இரண்டு மாதம் ஆகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏன் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறாள்?

நவம்பர் 28

அவள் முதுகுக்குப் பின்னால் சொம்பைக் கீழே போட்டேன். திரும்பினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. பிறகு ஒரு சந்தேகம் — தரை அதிர்ந்ததால் திரும்பினாளோ? கட்டிலில் உட்காரவைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

திரும்பவில்லை.

நவம்பர் 30

அவரிடம் சொல்லிவிட்டேன். போன மாதம் தடுப்பூசி என்று சொல்லிவிட்டு பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது, காது டெஸ்டுக்குத் தேதி வாங்கியது, அந்தத் தேதி நாளை மறுநாள் — எல்லாவற்றையும்.

உரக்கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கை கழுவிக்கொண்டே கேட்டார். "நம்ம வூட்ல யாருக்கு செவிடு இருக்குது? உங்க வூட்ல இருக்குதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? பொட்டப்புள்ளைய தூக்கிக்கினு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சா நாளைக்கு ஊர் என்ன பேசும்? விழா முடியட்டும் ஹேமா."

இதை விட்டால் மார்ச்சில்தான் தேதி என்றேன். கையைத் துடைத்துத் துண்டைக் கொடியில் போட்டார். கடைசியில், "போய்ட்டு அன்னிக்கே வந்துடு. புயல் வருதுன்றான் டிவியில" என்றார். அவர் கூட வரவில்லை. மழைக்கு யூரியா கேட்டு ஆள் வருமாம்.

பிள்ளை தூங்கினால்தான் டெஸ்ட் எடுக்க முடியும். அதனால் காலையில் தூங்கவிடாமல் கொண்டுவர வேண்டும். தலையில் பொட்டு எண்ணெய் இருக்கக் கூடாது, ஒயர் ஒட்டாது. இந்த இரண்டையும் நான் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 2 — உப்பளம், சுடர்விழி வீடு

எல்லாம் போச்சு.

நேற்று இரவே ஷாம்பு போட்டு இரண்டு தடவை அலசினேன். தலை பஞ்சு மாதிரி இருந்தது. விடியற்காலையில் நான் பையை மூடிக்கொண்டிருக்கும்போது அத்தை விளக்கெண்ணெய்ப் பாட்டிலோடு வந்தார். "கடக்காத்து. மண்டையில சளி கட்டிக்கும்" என்று உள்ளங்கைக் குழி நிறைய ஊற்றி உச்சியில் வைத்துத் தேய்த்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வாயைத் திறந்திருந்தால் "அப்ப போவ வேணாம்" என்று வந்திருக்கும். பஸ்ஸில் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திருக்கோவிலூரிலிருந்து விழுப்புரம் வரைக்கும் துண்டால் துடைத்தேன். விளக்கெண்ணெய் போகுமா? காதுவரைக்கும் பரவியதுதான் மிச்சம்.

டெஸ்ட் எடுக்கும் பெண்ணின் பெயர் சந்திரகலா. என் வயதுதான் இருக்கும். ஒயரை வைத்தார், வழுக்கியது. பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், வழுக்கியது.

"எண்ணெ வெக்கக் கூடாதுன்னு சொன்னோமேம்மா."

"நான் வெக்கல மேடம்."

"பின்ன யாரு, நான் வெச்சேனா? போய் அலசிட்டு வாங்க."

பாத்ரூம் குழாயில், கை கழுவும் சோப்பைப் போட்டு, பச்சைத்தண்ணீரில் அலசினேன். பஸ்ஸில் முகத்தில் தண்ணீர் தெளித்துத் தெளித்து நான் விழிக்கவைத்த பிள்ளை, தூங்கி விழும் நேரத்தில் வீறிட்டு முழுதாக விழித்துவிட்டாள். தூக்கத்துக்கு மருந்து கொடுத்தார்கள். அதை என் மேலேயே கக்கினாள். பிறகு காற்று பலமாகிவிட்டது, வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கிளம்புங்கள் என்றார்கள். சந்திரகலா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மார்ச்தான் இருக்கு" என்றார். என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ்ஸை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். சுடர்விழிக்குப் போன் போட்டேன். இங்கே காலேஜ் ஹாஸ்டலில் மூன்று வருடம் ஒரே ரூமில் இருந்தவள், இதே ஊரில் உப்பளத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். "எங்கடி நிக்கிற? மூட்டையக் கட்டிக்கினு நேரா வா" என்றாள். ஆட்டோ ஏறினேன். ஏறியவள் ஏன் "பீச் ரோடு வழியா போங்க" என்று சொன்னேன் என்று தெரியவில்லை.

இந்த ஊரில்தான் நான் யாருக்கும் மருமகளாக இல்லாமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் சுடரும் நானும் பாறை மேல் உட்கார்ந்து சுண்டல் தின்போம், போகிறவர் வருகிறவர் நடையைக் கேலி செய்வோம். ஒலி அலை பாடத்தை நான் மனப்பாடம் பண்ணியதே அங்கே உட்கார்ந்துதான். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. ஓவியா வயிற்றில் இருந்தபோது சொல்லுவேன், உன்னை அங்கே கூட்டிப்போறேன், கடல் எப்படிப் பேசும்னு கேளு என்று.

"பேரிகேட் போட்டுட்டாங்கம்மா, வண்டி போவாது" என்றார் ஆட்டோக்காரர். அவரை இருக்கச் சொல்லிவிட்டு ஓவியாவோடு இறங்கி நடந்தேன். தடுப்புக்கு அடியில் குனிந்து போய்விட்டேன். கடற்கரைச் சாலையில் ஒரு ஆள் இல்லை. அலை பாறையைத் தாண்டிச் சாலையில் விழுந்து அந்தப் பக்கத்து நடைபாதைவரை ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் வீட்டுச் சுவர் இடிந்து விழுகிற மாதிரி. எனக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

ஓவியா உதட்டில் விழுந்த மழைத்தண்ணியை நக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் கண்ணைப் பொத்தினேன். வருகிற அலையைப் பார்க்கக் கூடாது என்று என் உள்ளங்கையால் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு நின்றேன். அலை விழுந்தது. நான் துள்ளிவிட்டேன். என் உள்ளங்கையில் அவள் இமை சும்மா இருந்தது. துடிக்கவே இல்லை. இன்னொரு அலை. இன்னொன்று. கேக்குதா பாப்பா, இது கேக்குதா, இதுகூடவா கேக்கல உனக்கு — கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். பெண் போலீஸ், ரெயின்கோட்டில். "அறிவிருக்குதா உனக்கு? கைப்புள்ளைய வெச்சிகினு போட்டோ புடிக்க வந்தியா?" திட்டிக்கொண்டே ஆட்டோவரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். "நேரா வூட்டுல எறக்கு. நடுவுல எங்கியும் நிறுத்தாத" என்று ஆட்டோக்காரருக்கும் திட்டு.

டிசம்பர் 3

நாள் முழுக்கப் புயல். கரண்ட் இல்லை. சுடர் காலையிலிருந்து எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க அக்கா பையன் மூணு வயசுலதான்டி வாயத் தொறந்தான். இப்ப மூடுன்னா மூட மாட்டேங்கறான்."

மதியம் தெருமுனையில் மரம் விழுந்து டிரான்ஸ்பார்மர் வெடித்தது. சுடர் கையிலிருந்த டம்ளரை விட்டுவிட்டாள். மாடியில் வீட்டு ஓனர் காசிலிங்கம் — பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், இங்கே சொல்தா என்பார்கள் — "மோன் தியே" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுக் கத்தியது கீழே வரை கேட்டது. ஓவியா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, துணி கிளிப்புகளை ஒவ்வொன்றாக வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கிளிப்பைப் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

சுடர் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அக்கா பையன் பேச்சை எடுக்கவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்து ஓவியாவுக்குக் கிளிப் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

டிசம்பர் 4

காலையில் சிக்னல் வந்ததும் வந்த முதல் போன் சந்திரகலாவுடையது. "இன்னிக்குத் தேதி இருக்கறவங்க யாருமே வரல. கடலூர் ரோடு, திண்டிவனம் ரோடு எல்லாம் தண்ணி. நீங்க ஊருக்குப் போகலல்ல? வந்துடுங்க. தலைய—"

"அலசிட்டேன் மேடம்."

ஊரெல்லாம் அழிந்து கிடக்கிறது, எனக்கு மட்டும் அதனால் ஒரு தேதி. சந்தோஷப்படக் கூச்சமாக இருந்தது. ஆனால் பட்டேன்.

சொல்தா தன் ரெயின்கோட்டைக் கொடுத்தார். முழங்கால் தண்ணீரில் சுடரின் கணவர் அன்பழகன் அண்ணன் ஓவியாவைத் தோளில் தூக்கிவந்தார். தூங்கவிடாமல் குலுக்கிக்கொண்டே, "நான் பாடினா ஊரே எழுந்துக்கும்மா, ஒரு பாட்டு எடுத்து வுடட்டா" என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அப்புறம் மெயின் ரோடு வரைக்கும் அவள் உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் தூங்கினாள். ஒயர் ஒட்டியது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன வர வேண்டும் என்று எனக்குத் தெரியும், சின்னச் சின்ன மேடாக அலை வர வேண்டும். சத்தத்தை ஏற்றினார்கள். கோடு நேராகப் போனது. இன்னும் ஏற்றினார்கள். இடது காதில் கடைசிவரைக்கும் நேராகவே போனது.

"வலது பக்கம் கொஞ்சம் இருக்கும்மா" என்றார் சந்திரகலா.

"கொஞ்சம்னா?"

"லாரி பக்கத்துல வந்து ஆரன் அடிச்சா கேக்கலாம். மெஷின் வெச்சு இப்பவே பழக்கணும். ஒவ்வொரு மாசமும் முக்கியம். தினமும் டிரெய்னிங் வரணும்."

தினமும். திருக்கோவிலூரிலிருந்தா?

டிசம்பர் 5

போனில் அவரிடம் சொன்னேன். "சரி. விழா முடியட்டும், அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

டிசம்பர் 6

தூக்கம் இல்லை. ராத்திரி ராத்திரி தாலாட்டுப் பாடினேனே, அதெல்லாம் யாருக்குப் பாடினேன்? என் வாய் அசையறதப் பாத்துத்தான் சிரிச்சாளா? அவளுக்கு அம்மான்னா வெறும் வாயா? விளக்க அணைச்சிட்டுப் பாடினேன் எத்தனையோ நாள். இருட்டுல பயந்து அழுவா. நான் இன்னும் சத்தமாப் பாடுவேன். தூக்கியிருக்கலாம். விளக்கப் போட்டிருக்கலாம்.

ஊருக்குப் போனால் திரும்ப அனுப்ப மாட்டார்கள். போகவில்லை என்றால்? இவளை வைத்துக்கொண்டு நான் எங்கே நிற்பேன்?

டிசம்பர் 8

எங்களை அழைத்துப்போக அவர் வந்தார். பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல், "கெளம்பு. வூட்ல ஆயிரம் வேல கெடக்குது" என்றார்.

நான் சண்டை போடவில்லை. போட எனக்குத் தெம்பும் இல்லை. "அவ பின்னால நின்னு கூப்புடுங்க. ஒரே ஒரு தடவ. அப்புறம் கெளம்பறேன்" என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சுத் தோலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "ஓவி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்பா வந்துக்கிறேன் பாரு." கை தட்டினார். கடையில் லாரிக்காரனைக் கூப்பிடுவது போல, "ஏய் ஓவியா" என்று அவர் போட்ட சத்தத்தில் சொல்தா மாடிப்படியில் இறங்கிவந்து எட்டிப் பார்த்தார். அவள் ஒரு சுளையைக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் ஜன்னல் பக்கம் நின்றேன்.

"அம்மா, பந்தக்காரன வேணாம்னு சொல்லிடு." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் அத்தை பேசியிருக்க வேண்டும். "இல்லம்மா. எதுவும் வேணாம். பத்திரிகை குடுத்தா குடுத்தது. எம் புள்ளைக்குக் காது கேக்கலம்மா."

வெகுநேரம் உள்ளே வரவில்லை.

டிசம்பர் 12

இன்று மெஷினுக்காக ஓவியாவின் காதுக்கு அளவெடுத்தார்கள். ரப்பர் மாவை உள்ளே விட்டபோது அழுதாள். மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டது அவர்தான்.

ஜனவரி 9

டிரெய்னிங்குக்காக சொல்தா வீட்டின் பின்பக்க அறையில் ஓவியாவும் நானும் தங்கியிருக்கிறோம். ஓவியா அப்பா சனிக்கிழமைதோறும் ஊரிலிருந்து வருகிறார். அத்தை போனில் என்னோடு பேசுவதில்லை. வீடியோவில் பிள்ளையைக் காட்டச் சொல்லி, பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மெஷினைப் பிடுங்கி எறிகிறாள். காலையில் சாம்பாரில் கிடந்தது. டிரெய்னிங்கில் முரசு அடிக்கிறார்கள், மணி அடிக்கிறார்கள், ஒன்றுக்கும் அசைவதில்லை. மற்ற அம்மாக்கள் எங்களைப் பார்க்காத மாதிரி இருக்கிறார்கள். நான் காலையிலிருந்து இரவு வரை அவள் முகத்துக்கு நேராகப் பேசிக்கொண்டே இருக்கிறேன் — இது தண்ணி, இது சோறு, இது அம்மா. தொண்டை கட்டிவிட்டது. ஒன்றும் இல்லை. அந்த "கொஞ்சம்" என்பதே என் மனசைத் தேற்றச் சொன்னதோ?

ஜனவரி 23

இன்றும் இல்லை.

பிப்ரவரி 15

அவர் வந்திருக்கிறார். இட்லிக்குக் கொத்தமல்லித் துவையல் அரைக்க மிக்ஸியைப் போட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் வீல் என்று ஒரு அழுகை. விழுந்துவிட்டாள் என்று மிக்ஸியை நிறுத்திவிட்டு ஓடினேன். விழவில்லை. பாய் மேல் உட்கார்ந்தபடி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை நின்றிருந்தது. மெஷின் காதில்தான் இருந்தது.

"ஒண்ணும் பண்ணல. சும்மாதான் உக்காந்திருந்தா" என்றார் அவர்.

திரும்பிப் போய் மறுபடி போட்டேன். அழுதாள். நிறுத்தினேன். நின்றது. போட்டேன். இந்த முறை எழுந்து போய் அவர் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"போதும் ஹேமா, புள்ள பயப்புடுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "இன்னும் ஒரே ஒரு தடவ போடு" என்றார்.

துவையல் மையாக அரைந்துவிட்டது. அதையே தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.