பதினோரு மணிச் சங்கு

பிப்ரவரி 5, புதன்

முதல் புதன். அணுமின் நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் உள்ள அபாயச் சங்குகளைச் சோதிக்கும் நாள். முப்பத்தாறில் ஒன்பது வாயே திறக்கவில்லை என்று ஆட்கள் போன் செய்தார்கள். நான் நின்றது எட்டாவது கிலோமீட்டரில், அக்காவின் மழலையர் பள்ளி வாசலில். அங்கே கம்பத்துச் சங்கு சரியாகப் பதினோரு மணிக்குக் காது கிழிய ஊதியது. நாற்பத்தொரு வாண்டுகளும் காதைப் பொத்திக்கொண்டு வரிசையாகப் போய்ப் பள்ளி பஸ்ஸில் ஏறின. "ரெண்டாவது சங்கு ஊதினாத்தான் இறங்கணும், யார் கூப்பிட்டாலும் இறங்கக் கூடாது" என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அக்கா கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை. என்ன பெருமை எனக்கு!

பாதுகாப்பு ஆய்வாளர் என்று எதற்குச் சம்பளம்? ஒன்பதையும் முப்பது நாளில் சரிசெய்ய, நிலையத்தை நடத்தும் கம்பெனிக்கு உத்தரவு எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 20

தேர்தல் நிதி கொடுத்தவர்கள் பட்டியல் பேப்பரில் வந்திருக்கிறது. ஆளுங்கட்சிக்கு அள்ளிக் கொடுத்ததில் முதல் பெயர் அதே கம்பெனி. சங்குக்கு மோட்டார் மாற்ற மட்டும் கை வரவில்லை!

மார்ச் 3

அமைச்சகத்துக் கடிதம். அபாய எல்லை இனி நான்கே கிலோமீட்டர். ஊதாத ஒன்பதும் வெளியே போய்விட்டன. ஆகவே பழுதே இல்லையாம்! காய்ச்சல் இறங்காவிட்டால் தெர்மாமீட்டரை உடைத்துவிடு. வாயில நல்லா வருது எனக்கு. காற்று என்ன, நாலாவது கிலோமீட்டரில் நின்று அனுமதி கேட்குமா?

அக்கா பள்ளிச் சங்கும் வெளியேதான். நன்றாக ஊதுகிற சங்கு — அதையும் கழற்றப்போகிறார்கள்.

என் உத்தரவை ரத்து செய்து நானே கையெழுத்துப் போட வேண்டுமாம். இயக்குநரிடம் போனேன்.

"மேலிடத்து விஷயம்மா. போட்டுட்டுப் போயிட்டே இரு."

"உங்க பேரன் அங்க படிச்சா போடுவீங்களா சார்?"

பேனாவை மூடி வைத்தார்.

மார்ச் 4

போடவில்லை.

மார்ச் 6

பக்கத்து மேஜைக்காரர் போட்டுவிட்டார். "ஊரோட ஒத்து வாழும்மா" என்று அறிவுரை வேறு. எனக்குப் பழைய ஆவண அறை. ஊதாத சங்கைப் பற்றிச் சொன்னவளுக்கே சங்கு ஊதிவிட்டார்கள். சிரிக்கவா, மேஜையைத் தூக்கி அடிக்கவா?

ஏப்ரல் 2

அக்கா போன். "கழட்டிட்டுப் போயிட்டாங்கடி. கம்பம் மட்டும் மொட்டையா நிக்குது. பசங்க சங்கு எங்கன்னு கேக்குதுங்க." என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மே 7

ஆளுங்கட்சியே மறுபடியும் ஜெயித்துவிட்டது. நன்றி சொல்ல அமைச்சர் வருகிறார் என்று அக்கா பள்ளியின் மொட்டைக் கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். காலையில் மைக்கைப் போட்டதும் அது வீலென்று கத்தியிருக்கிறது. கோடை வகுப்புக்கு வந்திருந்த நாற்பத்தொன்றும் காதைப் பொத்திக்கொண்டு வரிசையாகப் போய்ப் பஸ்ஸில் ஏறிவிட்டன.

"நான் சொன்னா இறங்க மாட்டேங்குதுங்கடி, நீ வா" என்று அக்கா போனில் அழுதாள்.

ஆவண அறையைப் பூட்டக்கூட இல்லை, ஓடினேன். பஸ் படியில் நின்று, "ஒண்ணுமில்ல கண்ணுங்களா, இறங்குங்க" என்றேன்.

முன் சீட்டுக் குட்டி காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ரெண்டாவது சங்கு இன்னும் ஊதலையே, மிஸ்."

வெளியே அமைச்சர் நன்றி சொல்ல ஆரம்பித்திருந்தார். நானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.