பவுடர் டப்பாக் கிணறு

12.8.1983, வெள்ளி இரவு

நாளை எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. உலகமே பழங்காநத்தத்துக்குத் திரண்டு வரப்போகிறது. நான்தான் அறிவியல் வாத்தியார். ஆகவே பாதி உலகம் என்னைப் பார்க்கத்தான் வருகிறது.

என் அக்கா மகள் செல்வியும் கூட்டாளிகளும் மணல் பெட்டியில் ஆழ்துளைக் கிணறு செய்திருந்தார்கள். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் வானத்தைத் தொட்டுவிட்டு என் வழுக்கையில் விழுந்தது.

"பக்கத்துத் தோட்டத்துக்காரன் கிணறு எங்க?" என்று கேட்டேன்.

அதை வைக்கவே மறந்திருந்தார்கள். என் பையிலிருந்த பவுடர் டப்பாவைக் கொட்டிக் காலி செய்து, ஓட்டை போட்டு மணலில் புதைத்தோம். உள்ளே தண்ணீர் ஊறியது. மோட்டார் ஓட ஓட, டப்பா வற்றிப்போனது.

"அப்ப போர் போடுறது தப்பா மாமா?" என்றாள் செல்வி.

"பள்ளிக்கூடத்துல சார்னு கூப்பிடு. எனக்கும் தெரியல. நீங்களே சொல்லுங்க."

பிள்ளைகள் போட்ட சண்டையில் வைகை பயந்து திரும்பி ஓடியிருக்கும்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார். "நாளைக்கு வர்ற விருந்தாளியே போர் போடுற முதலாளி, வாத்தியாரே! அவரக் கூப்பிட்டு வச்சுக் கேள்வி கேப்பீகளா?" என்று டப்பாவைப் பிடுங்கி என் கையில் திணித்தார்.

வாசலில் செல்வி மறித்தாள். "டப்பாவக் கொண்டு வந்துருங்க மாமா. நாங்க கேட்டுக்கிறோம். பயமா இருந்தா எங்களுக்குப் பின்னால நில்லுங்க."

பயமா, எனக்கா? கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் டப்பாவை நாளைக்குப் போடும் சட்டையின் மேலேயே வைத்துவிட்டேன். அந்தக் கிணறு அதே இடத்தில் இருக்கும். பிள்ளைகள் கேட்பார்கள், நான் முன்னால்தான் நிற்பேன். மதுரை ஒரு நாளாவது என் முகத்தைப் பவுடர் இல்லாமல் பார்த்துத் தொலைக்கட்டும்.