டிக்கிக்குள் மாமியின் துணி

ஏப்ரல் 4, சனி

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாமியார் மக்காவில் உம்ரா முடித்து வந்தாச்சு, அல்ஹம்துலில்லாஹ். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி ஓட்டிப் போய் அழைத்து வந்தேன். வழி நெடுகப் பேச்சு. வண்டிக்குப் பெட்ரோல் தேவைப்பட்டது, மாமிக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

இறக்கியவை: பெரிய பெட்டி, ஸம்ஸம் கேன், பேரீச்சம்பழம், தொழுகைப் பாய்கள் (எது யாருக்கு என்று மாமிக்குத்தான் வெளிச்சம்), ஒரு கவர் நிறைய தஸ்பீஹ் மணி.

இறக்காதது: ஒரு வெள்ளைத் துணிப்பை.

அதில் மாமியின் கபன். தான் மௌத்தானால் உடம்பில் சுற்ற வேண்டிய துணியை அங்கேயே வாங்கி, தன் அளவுக்கு வெட்டி, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்து, காயவைத்து மடித்துக் கொண்டு வந்திருக்கிறார். நம்ம பக்கத்தில் நிறையப் பேர் செய்கிறதுதான். ஆனால் அதை என் பீரோவில் வைக்கணுமாம். என் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. உயிரோடு கண் முன்னால் இட்லி சாப்பிடுகிறவரின் கபன் துணி வீட்டுக்குள் எதற்கு? "இப்ப அங்கயே இருக்கட்டும் மாமி, அப்பறமா எடுத்துக்கலாம்" என்று டிக்கியை மூடிவிட்டேன்.

"நீ பயப்படுற" என்று சிரித்தார். என் தோள் உயரம்தான் இருக்கிறார். வாய் மட்டும் என்னைவிட நீளம்.

ஏப்ரல் 6, திங்கள்

அதே வெயில். மாமி எழுந்ததும் முதல் வார்த்தை: "ஏ ஜைனு, என் பைய எடுத்துக் குடு."

சரி, தொலையட்டும் என்று டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து லீவரை இழுத்தேன். 'டக்' கேட்டது. டிக்கி எழும்பவில்லை. மறுபடி இழுத்தேன். மறுபடி டக்.

தண்ணீர் கேன் போடுகிற தம்பி வாசலில் நின்றார். சாவியைக் கொடுத்தேன். சாவி சுற்றுகிறது, கொக்கி விடமாட்டேன் என்கிறது. தட்டினார், முழங்கையால் அமுக்கினார், மேலே ஏறி உட்காராத குறை.

"துருப் புடிச்சிருக்கும்க்கா. எண்ணெ விட்டு வைங்க."

தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தாச்சு. ஒன்றும் ஆகவில்லை. ஸ்கூலுக்கு லேட். செக்காலை ரோட்டில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்து பிரேக் போட்டேன். பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம்.

ஸ்டெப்னியாக இருக்கும் என்று நினைத்தேன். ஸ்டெப்னி பஞ்சர் கடையில் கிடக்கிறது என்பது ஸ்கூல் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. டிக்கிக்குள் அந்தப் பை மட்டும்தான். துணி எப்படித் தொம் என்று விழும்?

ஒன்பதாம் வகுப்புப் பேப்பர் பாதி முடிந்தது. முக்கோணத்துக்கு நாலு பக்கம் போட்டிருக்கிறான் ஒரு மகராசன்.

ஏப்ரல் 8, புதன்

மாமி நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஜன்னல் வழியாக வண்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "நான் இன்னைக்கே போயிட்டா எதுல வச்சுச் சுத்துவீக?" என்று கேட்டார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர். தப்பு என்னுடையதுதான். அன்றைக்கே உள்ளே எடுத்து வைத்திருந்தால் முடிந்திருக்கும்.

காற்றுப் பிடிக்கும் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "பின்னாடி லோடு ஏத்தியிருக்கீகளா?" என்றார்.

"இல்லையே."

"இல்ல, டயர்ல காத்து சரியா இருக்கு. வண்டி உக்காந்திருக்குல்ல. ஒரு ஆள் கனம் இருக்கும் போலயே."

இறங்கிப் பார்த்தேன். உண்மைதான். பின்பக்கம் தாழ்ந்து இருந்தது.

ஸ்பிரிங் போயிருக்கும். பழைய வண்டி. அப்படித்தான் எழுதி வைக்கிறேன்.

வண்டிக்குள் சந்தன அத்தர் வாசனை. மாமியிடம் கேட்டேன், துணியில் அத்தர் போட்டீர்களா என்று. "அதெல்லாம் குளிப்பாட்டி முடிச்சு அப்பறம் போடுறது. இப்ப ஏன் போடப் போறேன்?"

வாங்க: மல்லித்தூள், மாமியின் மாத்திரை, சிவப்பு மை பேனா.

ஏப்ரல் 10, வெள்ளி

செந்தில் வீட்டுக்கே வந்தார். செக்காலையில் கார் பூட்டு, கண்ணாடி வேலை. ஊர் கொத்தமங்கலம், பரம்பரை மரவேலைக் குடும்பம், இவர் மட்டும் இரும்புப் பக்கம் வந்துவிட்டார். இதையெல்லாம் நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். ஸ்க்ரூ ட்ரைவரைவிட வாய்தான் அதிகம் சுற்றுகிறது.

"அஞ்சு நிமிச வேல டீச்சர். டீ போடச் சொல்லுங்க, ஆறுறதுக்குள்ள தெறந்துருவேன்."

டீ ஆறி ஆடை கட்டியது. கம்பி விட்டார், வளைத்தார், சாவியைச் சூடு காட்டினார். கடைசியில் பின்சீட்டைக் கழற்றினார். சீட்டுக்குப் பின்னால் இரும்புத் தகடு. அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. தோள் வரைக்கும் கையை விட்டு உள்ளே கொக்கியைத் தேடினார்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விரல்கள் ஈரம்.

"உள்ள என்ன டீச்சர் வச்சிருக்கீக?"

"துணிதான்."

"ஈரமா இருக்கு. சில்லுனு இருக்கு."

மாமி வாசலில் இருந்து: "ஈரமா? நல்லா இருக்கே! அஞ்சு துண்டையும் மொறுமொறுன்னு காயவச்சில்ல மடிச்சேன்."

செந்தில் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். திரும்பத் திரும்பத் துடைத்தார். அப்புறம் மெல்லிய குரலில் என்னிடம் மட்டும்: "கொக்கி கைக்குக் கெடச்சுச்சு டீச்சர். இழுத்தேன். நான் இங்குட்டு இழுத்தா அது அங்குட்டு இழுக்குது. உள்ளேருந்து யாரோ புடிச்சுக்கிட்டு இருக்க மாதிரி."

வெட்டி எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. "கபன் பக்கத்துல வெட்டுற சத்தம் வேணாம். பொருள் யாருக்கோ அவுக கைக்குத் தெறக்கும், விடு."

சாதாரணமாகத்தான் சொன்னார், காணாமல் போன மோதிரத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி. பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துத் தூக்கினார்.

அசையவில்லை.

மாமியின் முகம் விழுந்துவிட்டது. அப்புறம் சிரித்தார். "எனக்கில்ல போல."

"சும்மா இருங்க மாமி. பூட்டு கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். இப்படியெல்லாம் பேசறதே ஈமானுக்குக் கேடு." கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டேன். செந்தில் டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அனல் காற்று. பேப்பர் எல்லாம் முடிந்தது. மார்க் ஏற்ற வேண்டும்.

மலேசியாவிலிருந்து வீட்டுக்காரர் போன். லீவு கிடைத்துவிட்டதாம், செவ்வாய்க்கிழமை திருச்சி. ஓட்டல் சூப்பர்வைசர் வேலைக்கு இப்படித் திடீர் லீவு கிடைக்காது. ஏன் என்று துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். இடது கை அடிக்கடி மரத்துப்போகிறதாம். ஊரில் காட்டிக்கொள்ளலாம் என்று.

"நீ ஒண்ணும் பயப்படாத. வண்டி எடுத்துக்கிட்டு வந்துரு."

"டிக்கி தெறக்காது. டாக்சில வாங்க."

கதையைக் கேட்டுச் சிரித்தார். "பொம்பளைக ரெண்டு பேரும் ஒரு டிக்கியத் தெறக்க முடியல. நான் வந்து ஒரே இழு. வீட்டுக்கு வந்ததும் மொத வேல அதுதான்."

போனை வைத்த பிறகு ஒரே மார்க்கை இரண்டு பேருக்கு ஏற்றினேன். ஏன் என்று எனக்கே விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பொருள் யாருக்கோ அவுக கைக்கு.

நான் பி.எட். படித்தவள். கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளைத் திட்டுகிறவள். ஆனாலும் அவர் கை அந்த மூடியில் படக்கூடாது. இந்த ஒன்றைத் தவிர மண்டைக்குள் வேறெதுவும் ஓடவில்லை.

மதியம் வாசல் பெருக்கப் போனேன். பின் பம்பருக்குக் கீழே சிமெண்டுத் தரையில் ஒரு கை அகலம் ஈரம். இந்த வெயிலில். பக்கத்து வீட்டுப் பூனை அதைச் சுற்றிக்கொண்டு போனது, மிதிக்காமல்.

ஏப்ரல் 13, திங்கள்

செந்திலுக்கு போன், எடுக்கவில்லை. ஸ்கூல் விட்டதும் கடைக்கே போனேன். கடையில்தான் இருந்தார். வலது கையில் ஈரத் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"தப்பா நெனக்காதீக டீச்சர். வேற ஆளப் பாருங்க."

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. சில்லுப்பு போக மாட்டேங்குது." அவ்வளவுதான் பேசினார். ஊர்க்கதை பேசுகிற மனிதர்.

நாச்சியாபுரத்தில் ஒருவர் இருக்கிறாராம், கதவையே பெயர்த்து எடுத்துவிடுவாராம். பேசினேன். வியாழக்கிழமை வருகிறேன் என்கிறார். நாளைக்கு வருஷப்பிறப்பு, ஆள் கிடைக்காது.

வண்டியை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். வண்டி எங்கே என்று கேட்பார். கேட்டால் போய் நிற்பார். அவரைத் தெரியாதா எனக்கு. கல்யாணமான புதிதில் திறக்காத ஊறுகாய் பாட்டிலோடு ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கு நின்றவர்.

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. மாமி, நல்லா இருக்கு என்று சாப்பிட்டார். அதுவே பயமாக இருக்கிறது.

பாத்திரம் கழுவும்போது தோன்றியது: தண்ணீர் கேன் தம்பி தொட்டார், செந்தில் தொட்டார், மாமி தொட்டார். நான் லீவரை இழுத்ததோடு சரி. மூடியில் கை வைக்கவே இல்லை. அன்றைக்கு மூடியதோடு சரி.

ஏப்ரல் 14, செவ்வாய்

ஸ்கூல் லீவு. அவர் விமானம் மதியம்.

சுபுஹு தொழுதுவிட்டு, மாமி உள்ளே ஓதிக்கொண்டிருக்கும்போது வாசலுக்குப் போனேன். நன்றாக விடிந்துவிட்டது. தெருவில் பால்காரர், எதிர் வீட்டில் கோலம். பயப்படுகிற மாதிரி ஒன்றுமே இல்லை.

ஒன்று, திறக்காது. அப்படியென்றால் வெறும் பூட்டு. அவரும் வந்து இழுத்துத் தோற்றுப் போகட்டும், சிரிக்கலாம். இன்னொன்று, திறக்கும். திறந்தால் அவருக்கில்லை. இரண்டில் எதுவானாலும் அவர் கை படுவதற்கு முன் என் கை படட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

கை வைத்தேன். தூக்கக்கூட இல்லை. மூடி மெல்ல எழுந்தது, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி.

பை நடுவில் இருந்தது. காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெளியே எடுத்ததும் வண்டியின் பின்பக்கம் மெதுவாக மேலே வந்தது. கண்ணால் பார்த்தேன். கையில் பை கனக்கவே இல்லை.

கூடத்துப் பாயில் பிரித்தேன். சட்டைத் துணி, இடுப்புத் துணி, தலைத் துணி, மார்புத் துணி, மேலே சுற்றும் பெரிய துணி. அஞ்சு.

ஆண்களுக்கு மூன்று துண்டு, பெண்களுக்கு அஞ்சு. மதரஸாவில் சின்ன வயதிலேயே படித்தது. அன்றைக்கு மாமி வாயாலேயே அஞ்சு என்று சொன்னார், என் காதில் விழுந்தது. இது எப்போதுமே ஒரு பெண்ணின் துணி. அவருடையதாக இருக்கவே முடியாது. கணக்கு டீச்சர், மூணுக்கும் அஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாமல் நடுங்கியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அவருக்கில்லை, அவருக்கில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மடிக்கும்போது சட்டைத் துணியை எடுத்தேன். கழுத்திலிருந்து பாதம் வரை வர வேண்டிய துண்டு. மாமி தன் அளவுக்கு வெட்டியது. எதற்கென்று தெரியவில்லை, என் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். மாமி என் தோள் உயரம். எனக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றிருக்க வேண்டும்.

பாதம் வரை வந்தது. சரியாக.

உள்ளே ஓதுகிற சத்தம் நின்றது. "ஜைனு, தெறந்திருச்சா? யாரு தெறந்தா?"

"தானாத் தெறந்திருச்சு மாமி."

உள்ளே கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. அப்புறம், "பசியாறிட்டுப் போ புள்ள" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு வயசு நாற்பத்து மூன்று. புள்ள என்று மாமி என்னைக் கூப்பிட்டதே இல்லை.

துணியைப் பீரோவில் வைத்தாச்சு. பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில்.

அவரிடம் டிக்கி சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்ல வேண்டும். டாக்டரிடம் நாளைக்கே காட்டச் சொல்ல வேண்டும். மாத்திரை எந்த டப்பாவில் என்று மாமிக்குக் காட்டி வைக்க வேண்டும். மணியாச்சு, இனி டாக்சி வேண்டாம், நானே திருச்சிக்குக் கிளம்பணும். டிக்கி இப்போது லேசாகத் திறக்கிறது, லேசாக மூடுகிறது. அவர் பெட்டிக்கு இடம் தாராளம்.