வெள்ளிக்கிழமைப் பள்ளிக்கூடம்

அக்கா,

காலையில் மகனுக்கு வயிற்றுவலி என்று ஓமம் வறுத்தேன். வாசனை எழுந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்கள் ஊர் செலியமேட்டிலிருந்து வரும் மாட்டுவண்டியில் நீங்கள் துணியில் முடிந்து அனுப்பிய ஓமத்துக்கும் இதே வாசனைதான். நீங்கள் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. இப்போதுதான் எழுத வந்திருக்கிறேன்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு நான் ஒருத்திதான் ஆசிரியை. பிரெஞ்சுப் பள்ளி வழக்கப்படி வியாழன் விடுமுறை. புதன் மாலையே, அம்மாவிடம் விட்டிருந்த கைக்குழந்தையைப் பார்க்கப் புதுச்சேரிக்கு ஓடிவிடுவேன். வெள்ளி காலை திரும்பியாக வேண்டும். ஒருமுறை குழந்தைக்கு வயிறு சரியில்லை என்று தங்கிவிட்டேன். அது உண்மை. சனிக்கிழமை வந்தபோது, பிள்ளை எப்படியிருக்கிறது என்று மட்டும்தான் கேட்டீர்கள். அடுத்த வெள்ளியும் தங்கினேன். பிறகு, குழந்தை சிரித்து விளையாடிய வெள்ளிகளிலும். விட்டுப்போனால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். குழந்தையின் வயிற்றுக்கென்று வாரம் தவறாமல் ஓமம் வந்தது.

பக்கத்து ஊரில் வாத்தியார் இரண்டு நாள் வரவில்லை என்று பெற்றவர்கள் கூட்டமாகப் போய் ஊராட்சித் தலைவரான மேர் வீட்டு வாசலில் நின்றார்கள். அதன்பின் அவர் ஒருநாளும் தவறவில்லை. அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். "நம்ம ஊரு அப்படியா? காலேஜ் படிச்சவங்க நமக்குன்னு வந்திருக்காங்க. அவங்களப் போயி மேருகிட்ட சொல்லுவமா?"

எழுத்தே தெரியாத நீங்கள் வெள்ளிதோறும் பள்ளியைத் திறந்து, பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லவைத்தீர்கள். ஒருநாள் பள்ளி அதிகாரி வந்துவிட, நான் பலகை வாங்கப் பாகூர் போயிருப்பதாகச் சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினீர்கள். பிரெஞ்சுச் சொல்வதெழுதுதல் மட்டும் உங்களால் முடியாது. அது வெள்ளிக்கிழமைப் பாடம்.

உங்கள் மகள் செங்கேணி, ஆரம்பப் பள்ளி முடிவில் எழுதும் செர்த்திபிக்கா பரீட்சையில் அதில்தான் தவறினாள். தேறினால் புதுச்சேரியில் மேலே படிக்கவைக்க அவள் அப்பாவிடம் நீங்கள் மன்றாடி வாங்கியிருந்த சம்மதம் அன்றோடு போயிற்று. தை மாதம் மடுகரையில் கட்டிக்கொடுத்தீர்கள். என்முன் நீங்கள்தான் தப்புச் செய்தவர்போல் நின்றீர்கள். "நீங்க இன்னா பண்ணுவீங்க வாத்தியாரம்மா. அது மண்டையில ஏறல."

ஊர் ஒருமுறை கேட்டிருந்தால் வந்திருப்பேனே என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்துதானே தங்கினேன்.

உங்கள் காரியத்துக்குச் செங்கேணி பெண்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வளர்ந்ததும் பள்ளியில் போடுவாயா என்று கேட்டேன். "என் வயித்துல பொறந்தது, என்னை மாதிரி மக்காத்தான் இருக்கும். வூட்டுலயே கெடக்கட்டும்" என்றாள்.

அங்கேயே சொல்லிவிட்டேன், அக்கா. நீ மக்கு இல்லை, என் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லாதபோதும் நான் வராமல் இருந்தேன், நீ தவறியது என்னால் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா சொல்லும், உங்களுக்குப் பெரிய மனசுன்னு. என் மனசு நோகக்கூடாதுன்னு பழியை நீங்க ஏத்துக்கிறீங்க."

அவள் நம்பவில்லை. நீங்கள் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை அவளிடம் அப்படியே இருக்கிறது. மறுபடியும் மடுகரைக்குப் போவேன், அவள் நம்பும்வரை போவேன். அந்தக் குழந்தைக்குப் பள்ளி வயது வர இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது.