கூடை நிற்காத சரிவு

அன்புள்ள அண்ணி,

இன்று காலை கோழி எரு ஏற்றிய லாரி ஒன்று தானா ராத்தா டவுனில் என் வீட்டு வாசலிலேயே டயர் வெடித்து நின்றுவிட்டது. வீட்டில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னல்களைச் சாத்த ஓடினார்கள். நான் மட்டும் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "வயசானா மூக்குமா போயிரும்?" என்று கேட்டாள் என் மனைவி. நீங்கள் கண்ணை மூடி மூன்று ஆண்டு ஆகிறது. அந்த வாடை வந்தால் எனக்கு நீங்கள் வந்த மாதிரி இருக்கிறது.

பகலெல்லாம் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையில் நிற்பீர்கள். கொழுந்தை நிறுத்துப் போட்ட கையோடு, சேலைக்கு மேல் அண்ணனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் ஏறிவிடுவீர்கள். அங்கே நீங்கள் மரக்கறி போடும் துண்டு நிலம் இருந்தது. பொழுது சாயும் நேரம் நீங்கள் இறங்கி வந்தால், பார்க்காமலே கோழி எரு வாடையில் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி, வெள்ளைச் சட்டைக்காரன். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "கிராணித் தம்பிக்கு எரு வாடை ஆகாது. கோசு மட்டும் எப்படிலா தொண்டையில எறங்குது?" என்று நம் ஊர் 'லா' சேர்த்து, அடுத்த வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கேட்பீர்கள். உங்களுக்கும் எனக்கும் ஒரே வயது. ஆனாலும் நான் உங்கள் புருஷனின் தம்பி என்பதால் ஒரு நாளும் என்னை 'வாங்க, போங்க' போடாமல் அழைத்ததில்லை. மரியாதையும் கொடுப்பீர்கள், மானத்தையும் வாங்குவீர்கள்.

அந்தத் துண்டு நிலம் உங்களுக்கு என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும். எழுபதுகளின் நடுவில் நீங்களும் அண்ணனும் காட்டைக் கழித்து, கல் பொறுக்கி, படிப்படியாக வெட்டி உருவாக்கியது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற தற்காலிக உரிமம்தான். ஆனாலும் உங்கள் பெயரில் ஒரு காகிதம் இருந்தது. ஓரத்தில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு குடிசை போட்டிருந்தீர்கள். தோட்டத்தில் வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதுதான் நம் எல்லார் தலையிலும் தொங்கிய கத்தி. அண்ணன் அந்தக் குடிசையைப் பார்த்துத்தான் தைரியமாக இருந்தார். "என்னைய எறக்கி விட்டா நான் மேல ஏறிக்குவேன்" என்று சிரிப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. இந்த வட்டாரத்தில் எந்த நிலம் எதற்கு என்று அரசாங்கம் ஒரு திட்டம் எழுதப் போகிறது, எழுதுவதற்கு முன்னால் அதில் எவையெல்லாம் அடங்க வேண்டும் என்று ஊர் மக்கள் சொல்லலாம் என்று மலாயில் ஒரு தாள். நான்தான் அதைக் காலைப் பெரட்டில், பேர் கூப்பிட எல்லாரும் வரிசையில் நின்றபோது, தமிழில் வாசித்தேன். நம்மிடம் ஒருவர் கருத்துக் கேட்பது அதுவரை நடக்காத காரியம். ஞாயிற்றுக்கிழமை ஆயாக்கொட்டகையில், பிள்ளைகள் தூங்கும் தூளிகளை ஓரமாகக் கட்டி வைத்துவிட்டு, எல்லாரும் கூடினோம்.

மனுவை நான் முன்கூட்டியே எழுதிக் கொண்டுபோயிருந்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம். எழுந்து நின்று வாசித்தேன். 'கனம் பொருந்திய பெரிய துரை அவர்கள் சமூகத்துக்கு' என்று தொடங்கியது. கூரை ஒழுகுகிறது, சாக்கடை உடைந்திருக்கிறது, திருவிழாவுக்கு இரண்டு நாள் விடுப்பு வேண்டும், மலையிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீருக்கு இன்னொரு குழாய் வேண்டும் என்று வரிசையாகப் போனது. எல்லாரும் தலையாட்டினார்கள். தோட்டத்தில் பிறந்தவனுக்கு மனு என்றாலே துரைக்குத்தான். எனக்கும் கை அப்படித்தான் பழகியிருந்தது. நீங்கள் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டீர்கள்.

"தம்பி, இதப் படிக்கப் போறது யாரு?"

"கவர்மெண்டு."

"கவர்மெண்டு வந்து நம்ம கூரையில ஏறுமா?"

கொட்டகையே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. நீங்கள் எழுந்துபோய், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் பலகையில் நடுவே ஒரு கோடு போட்டீர்கள். ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு. சாக்கட்டியை மிளகாய் கிள்ளுவதுபோல் பிடித்திருந்தீர்கள். "கூரை ஒழுகுறது இந்தப் பக்கம், அது தொரைகிட்ட. இந்த எடம் வீட்டுக்குத்தான், நாளைக்கு ஒருத்தன் வந்து ஓட்டல் கட்டக்கூடாதுங்கிறது அந்தப் பக்கம், அது பிளான்ல. இன்னிக்கு இருக்கிற தொரை நாளைக்கு மாறிப் போயிருவாரு. மண்ணு போவாது. மண்ணப் பத்தி மட்டும் பேசுங்க."

அதற்குப் பிறகு பேச்சு சூடு பிடித்தது. லயங்கள் இருக்கும் இடம் குடியிருப்பு என்று வரைபடத்தில் வர வேண்டும் என்றார்கள். கோயில் சேர்ந்தது, சுடுகாடு சேர்ந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் நடக்கும் ஒற்றையடிப் பாதை சேர்ந்தது. சாக்குத் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்த, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தண்ணீர்த் தொட்டியையும் எழுதச் சொன்னார். நம் குடிதண்ணீர் மலையோடையிலிருந்து அந்தத் தொட்டிக்கு வந்துதான் குழாயில் இறங்கியது. இரண்டு மழைக்காலமாக அது கலங்கலாகவே வந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

"தொட்டிய எழுதி என்னா செய்யிறது? தொட்டிக்கு மேல இருக்கிற சரிவ எழுதணும்" என்றீர்கள். "மேல மண்ண வெட்டுனா கீழ தண்ணி எப்படித் தெளியும்?"

தொட்டிக்கு மேல் நாலைந்து மரக்கறித் துண்டுகள் இருந்தன. அதில் ஒன்று உங்களுடையது. எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கடைசியில் மண்டோர்தான் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, உன் துண்டும் அதுலதான இருக்கு?"

"ஆமாலா, அதான் எனக்குத் தெரியுது" என்றீர்கள்.

திருத்தி அனுப்பிய மனுவைப் படித்துவிட்டு ஓர் அதிகாரி வந்தார். மலாய்க்கார இளைஞர், காலில் நல்ல சப்பாத்து, தோளில் சுருட்டிய வரைபடம். பொறுமையான மனிதர்தான். 'செங்குத்தான சரிவைத் திறக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள், எது செங்குத்து? அதை எப்படி வரைவது?' என்று கேட்டார். நான் ஆங்கில அகராதியில் தேடிய சொற்கள் எதுவும் உதவவில்லை. நீங்கள் உங்கள் சந்தை மலாயில், கூடை நிற்காத இடம் என்றீர்கள்.

அது கொழுந்து எடுக்கிற பெண்களின் கணக்கு. பாதி நிறைந்த கூடையை இறக்கி வைத்தால் நிற்க வேண்டும். நிற்காமல் சாய்ந்தால், அந்தத் தேயிலை நிரையை வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணுக்கு எந்த மண்டோரும் கொடுக்கமாட்டார். எழுதாத சட்டம் அது. அதிகாரி முதலில் சிரித்தார். மூன்று இடத்தில் நீங்கள் கூடையை வைத்துக் காட்டினீர்கள், அவர் தன் கருவியால் அளந்து பார்த்தார். மூன்றாவது இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தார். ஆறடிக் குச்சிகளை நான் சுமந்துகொண்டு பின்னால் வந்தேன். கூடை நிற்கும் இடத்துக்கும் நிற்காத இடத்துக்கும் நடுவே குச்சி நடுவது என் வேலை.

உங்கள் துண்டுக்கு வந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன், அண்ணி. இன்றும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. உங்களை முந்திக்கொண்டு கூடையை வாங்கி, நீங்கள் வெட்டி வைத்திருந்த படியில், கோசு வரிசைக்கு நடுவே வைத்தேன். கூடை அசையாமல் நின்றது. படி சமமாக இருந்தால் நிற்காமல் என்ன செய்யும்? "இங்கே நிற்கிறது, துவான்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, துண்டு தடைக்கு வெளியே போகும்படி அதற்குக் கீழே குச்சிகளை நட ஆரம்பித்தேன். என் அண்ணன் கடைசிக் காலத்தில் தலைசாய்க்கிற இடம் அது. அதைக் காப்பாற்ற ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். கோபம் இல்லை அதில். கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு நகர்ந்து, மண்வெட்டி படாத தரையில், பெரணிச் செடிகளுக்கு நடுவே வைத்தீர்கள். கையை எடுத்ததுதான் தாமதம். கூடை சாய்ந்தது, கொழுந்தை வாரி இறைத்துக்கொண்டு உருண்டது, மூங்கில் புதரில் ஒருமுறை தட்டி, கீழே தொட்டிச் சுவரில் போய் மோதிய சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

"படி நான் வெட்டுனது, தம்பி. மலை வெட்டுனது இல்ல. என் படியில கூடை நிக்கும், தண்ணி நிக்காது."

அப்புறம் நான் நட்ட குச்சிகளை நீங்களே ஒவ்வொன்றாகப் பிடுங்கினீர்கள். துண்டும் தடைக்குள் அடங்கும்படி குடிசைக்கு மேலே ஏறிப்போய் அங்கே நட்டு, கல்லால் தட்டி இறுக்கினீர்கள். அதிகாரிக்கு அந்த நிலம் யாருடையது என்று தெரியாது. இறங்கி வரும் வழியில் நான்தான் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். திரும்பி வந்து உங்களைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினார். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை; சிந்திய கொழுந்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் கவனித்தேன். என் அண்ணி என்று கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு.

அன்று மாலை அண்ணன் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் வீட்டில் நடந்ததை நான் வாசலில் நின்று கேட்டேன்.

"நாளைக்குத் தோட்டத்த விட்டு எறக்குனா எங்க போய் நிக்கிறது? உன் கூடையிலயா?"

"நாம ரெண்டு பேரு எங்கயாச்சும் நிப்போங்க. அந்தத் தண்ணியக் குடிக்கிற பிள்ளைங்க எங்க போயி நிக்கும்?"

"ஊருப் பிள்ளைங்களப் பத்தி உனக்கு என்னா?"

அடுப்பில் எதையோ கிளறும் சத்தம்தான் கேட்டது. நான் உள்ளே வராமல் திரும்பிப் போய், ஆபீசைத் திறந்து, நீங்கள் நட்ட குச்சிகள்படியே மனுவை மறுபடி தட்டச்சு செய்தேன். கீழே 'தோட்டத் தொழிலாளர்கள்' என்று பொதுவாகப் போட்டேன். உங்கள் பெயரைப் போட்டிருக்க வேண்டும்.

திட்டம் அச்சாகி வர நாளானது. லயங்கள் குடியிருப்பாக வந்திருந்தன. கோயிலும் பள்ளிப் பாதையும் இருந்தன. சுடுகாட்டை விட்டுவிட்டார்கள், அதற்கு இன்னொரு மனு எழுத வேண்டியிருந்தது. ஓடைக்கும் தொட்டிக்கும் மேலே உள்ள சரிவைத் திறக்கக் கூடாது என்று ஒரு பத்தி, வரைபடத்தில் அதற்கு அடர்பச்சையில் ஒரு பட்டை. அடுத்த தையில் உங்கள் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை என்று கடிதம் வந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று முதல் உங்களிடம் பேச்சை நிறுத்தினார். நீங்கள் கடைசிக் கோசை அறுத்துவிட்டு, படிகளின் விளிம்பில் எல்லாம் புல்லும் மூங்கிலும் நட்டுவிட்டு வந்தீர்கள். குடிசைத் தகரத்தை ஆயாக்கொட்டகைக்குக் கொடுத்தீர்கள்.

அந்த ஐப்பசி மழை மறக்கிற மழையா? ரிங்லெட்டுக்குப் போகிற பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் ஓடவில்லை. எங்கு பார்த்தாலும் செம்மண் குழம்பு. நம் சரிவில் ஒன்றும் நடக்கவில்லை, அண்ணி. ஒன்றுமே நடக்காததால் யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அண்ணன் மட்டும் மழையில் நனைந்துகொண்டு தொட்டி வரைக்கும் போனார். ஒரு வாளித் தண்ணீரோடு வந்து உங்கள் முன்னால் வைத்தார். "தெளிவா இருக்கு" என்றார். அத்தனை மாதம் கழித்து அவர் உங்களிடம் பேசிய முதல் வார்த்தை அது. "அப்ப ஒலை வைக்கிறேன்" என்று நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

அண்ணன் ஓய்வு பெற்றபோது நீங்கள் இருவரும் ரிங்லெட்டில் ஒரு கடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனீர்கள். யாரோ ஒருவருடைய பூத்தோட்டத்தில் கூலிக்குச் செவந்திப் பூ கட்டினீர்கள். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, எனக்கு வருத்தம்தான். நியாயம் செய்தவருக்கு ஒரு சொந்தக் கூரை கிடைத்திருக்க வேண்டும். நான் இதைச் சொன்னபோதெல்லாம், "தண்ணி நல்லா வருதாலா தோட்டத்துல?" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். வருகிறது என்பேன். உங்கள் முகத்தில் அப்போது வருகிற வெளிச்சத்தைப் பார்க்கவே நான் அடிக்கடி ரிங்லெட்டுக்கு வந்தேன் என்று இப்போது சொல்லலாம்.

இதை எழுத எரு லாரி மட்டும் காரணம் இல்லை. இப்போது புதுத் திட்டம் எழுதுகிறார்கள். எதை அடக்க வேண்டும் என்று மறுபடி கேட்கிறார்கள். குடியிருப்பாளர் குழுவுக்கு, திறக்கக் கூடாத சரிவுகளின் பட்டியலை எழுதிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. என் மகன் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஊருக்குப் பின்னால் ஒரு சரிவை வாங்கியிருக்கிறான். விருந்தினர் விடுதி கட்டப் போகிறானாம். போன மாதம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்பா, அந்த ஒரு எடத்த மட்டும் லிஸ்ட்ல விட்டுருங்க. நீங்க எழுதலன்னா யாருக்கும் தெரியாது" என்றான். அவனுக்காக அங்கே போய்ப் பார்த்தேன். அதற்குக் கீழே இருபது வீடுகளில் விளக்கு எரிகிறது. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவன் இப்போது என்னிடம் பேசுவதில்லை. தாயிடம் மட்டும் போனில் பேசுகிறான். மடியில் வளர்த்த பிள்ளை, வலிக்கத்தான் செய்கிறது. இன்று மத்தியானம் வரைபடத்தை மேசையில் விரித்து, அந்தச் சரிவைச் சுற்றி நானே கோடு போட்டேன். நில உரிமையாளர் என்ற இடத்தில் என் மகன் பெயரை முழுதாக எழுதினேன். கோடு கோணவில்லை, அண்ணி.