மதகிலிருந்து கடைமடை வரை

மே 3, 2025, சனி

கிம்பல் வந்துவிட்டது. திருவாரூர் யூசுப் கடையிலிருந்து நானே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஒரு கைப்பிடி, அதன் மேல் மூன்று சின்ன மோட்டார், கேமராவை உட்கார வைக்க ஒரு தட்டு. கை ஆடினாலும் படம் ஆடாது. அவ்வளவுதான் விஷயம்.

போன வருஷம் ஜமாபந்தியில், தாலுகாவில் வருஷத்துக்கு ஒருமுறை நில மனு வாங்குகிற அன்று, நடந்ததை நான் மறக்கவில்லை. எதிர்க்கரை நாகநாதன் தன் கரையை உள்ளே தள்ளித் தள்ளி வாய்க்காலைக் குறுக்கி வைத்திருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு போனேன். தாலுகா ஆபீஸ் பந்தலில் அதிகாரி அரை நிமிஷம் பார்த்தார். "ஐயா, தலை சுத்துதுங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளார்க், "துண்டு துண்டா இருக்கு. வெட்டி ஒட்டினதுன்னு எதிராளி சொல்லிடுவாரே" என்றார்.

இந்த வருஷம் வெட்டும் கிடையாது, ஒட்டும் கிடையாது. மதகிலிருந்து வாய்க்கால் முடிகிற கடைமடை வரை ஒரே ஓட்டம். வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போதுதான் அகலம் தெரியும். ஆற்றில் தண்ணீர் திறப்பதற்குள் முடிக்க வேண்டும். எங்கள் பிர்க்கா ஊர்களுக்கு ஜமாபந்தி மே 28. போன சம்பாவில் என் பன்னிரண்டு மா நிலத்தில் ஐந்து மா கருகியது. இந்த முறையும் தண்ணீர் வராவிட்டால் நிலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ராத்திரிக்குக் காலையில் வடித்த சோறு, மோர்.

மே 4

ஞாயிறு. வீட்டுக்கு யாரும் வரவில்லை. வருவார்கள் என்று நினைக்கவுமில்லை.

மே 6, செவ்வாய்

முப்பத்தெட்டு வருஷம் நன்னிலம் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். யாரிடமும் தொழில் கற்கவில்லை. கெட்டுப்போன ரேடியோதான் கற்றுக்கொடுத்தது. கிம்பலோடு வந்த புத்தகத்தைப் பிரிக்காமலே கேமராவை மாட்டி சுவிட்சைப் போட்டேன். மோட்டார் சீறியது. கேமரா வலிப்பு வந்த மாதிரி துடித்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டது.

இரண்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த பிறகு புரிந்தது. சுவிட்ச் போடுவதற்கு முன்பே கேமரா வைத்த இடத்தில் நிற்க வேண்டும். பாரம் தூக்குவது மோட்டாரின் வேலை இல்லை. கொஞ்சம் பிசகினால் திருத்துவதுதான் அதன் வேலை. என் கேமரா சின்னது, எடை போதாது. மூன்று வாஷரை டேப் போட்டு ஒட்டினேன். தட்டை நூல் நூலாக நகர்த்தினேன். நின்றது! முன்னால் சாய்த்தால் சாய்ந்தபடி நிற்கிறது, பின்னால் சாய்த்தால் பின்னால்.

"இங்க வந்து பாரேன்" என்று சமையலறைப் பக்கம் சொல்லிவிட்டேன்.

என் பொண்டாட்டி வேம்பு செத்துப்போய், வருகிற ஆவணியோடு இரண்டு வருஷம். வாய்க்கு இன்னும் தெரியவில்லை.

மே 9, வெள்ளி

ஓசூரிலிருந்து மகள் செங்கமலம் பேசினாள். கிம்பல் வாங்கியதை யார் சொன்னார்களோ.

"எதுக்குப்பா இதெல்லாம்? மாமாதானே. ரெண்டு அடி நிலம், விட்டுடுங்களேன்."

"ரெண்டு அடி நிலமில்ல. ரெண்டு அடி தண்ணி."

"கண்ணு ஆபரேஷன் எப்போ பண்ணிக்கப் போறீங்க?"

இடது கண்ணில் புரை. வலது நன்றாகத்தான் இருக்கிறது, அது போதும் என்றேன். "ஒத்தக் கண்ணோட வரப்புல நடக்கப் போறீங்களா?" என்றாள். போனை வைத்துவிட்டேன். நான்தான் வைத்தேன். பிறகு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பக் கூப்பிடவில்லை.

நாகநாதன் யாரென்று என் நோட்டில் எனக்கே எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வேம்புவின் தம்பி. அவனும் நானும் பேச்சை விட்டு ஒன்பது வருஷம். அவள் போன அன்று நடந்ததை எழுதப்போவதில்லை.

மே 12

கிம்பல் வாங்கின அன்றைக்கே யூசுப் பார்த்துவிட்டான். "அண்ணே, கை..." என்றான். பஸ்ஸில் வந்த ஆட்டம் என்றேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

வலது கை. போன தையிலிருந்து. டம்ளரைப் பிடித்தால் விளிம்பில் தண்ணீர் தளும்புகிறது. சால்டரிங் வைத்தால் ஈயம் வேறெங்கோ போய் உட்காருகிறது. செங்கமலத்திடம் சொல்லவில்லை.

இன்று கொல்லைச் சுவரைப் படம் எடுத்து டிவியில் போட்டுப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது. இது யார் கை? என் கை இல்லை. முப்பது வயதில் இருந்த கை.

மே 15, வியாழன்

பக்கவாட்டு ஆட்டமும் சாய்வும் போய்விட்டன. மேலும் கீழுமான குதிப்பு போகவில்லை. அது காலடியால் வருவது, மோட்டாரால் நிறுத்த முடியாது. முழங்காலை லேசாக மடக்கி, குதிகாலை முதலில் வைத்து, மெதுவாக விரலுக்கு வர வேண்டும். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி இடது கையில் பிடித்துக்கொண்டு தெருவில் பழகினேன்.

எதிர்வீட்டு ஆனந்தம் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள். "என்ன மாமா, பூனை மாதிரி வர்றீங்க? யார் வீட்டுல திருடப் போறீங்க?"

"உன் வீட்டுலதான்."

"எங்க வீட்டுல பழைய ரேடியோதான் இருக்கு. அதுவும் நீங்க ரிப்பேர் பண்ணது, பாடவே மாட்டேங்குது."

நாள் முழுக்க நான் பேசிய பேச்சு அதுதான்.

மே 19, திங்கள்

கைப்பிடியில் ஒரு பட்டன். ஃபாலோ, லாக் என்று இரண்டு. ஃபாலோவில் வைத்தால் நான் திரும்புகிற பக்கம் கேமரா தானாகத் திரும்புகிறது. அது தன் இஷ்டத்துக்குத் திரும்புவது எனக்குப் பிடிக்கவில்லை. லாக்கில் வைத்தால் காட்டிய பக்கத்தை விட்டு அசைவதில்லை. வாசற்படியிலிருந்து கிணறு வரை லாக்கில் நடந்து பார்த்தேன். கோடு போட்டது போல் வந்தது.

யூசுப் போனில் கேட்டுவிட்டு, "வேண்டாம்ண்ணே, ஃபாலோல வைங்க" என்றான்.

"நான் காட்டின பக்கம்தான் அது பார்க்கணும்."

"உங்க குணத்துக்கு லாக்குதான் சரி. ஆனா வாய்க்கால் வளையுமேண்ணே..."

"எழுபத்து மூணு வருஷமா எனக்கு அந்த வாய்க்கால் தெரியும்" என்று வைத்துவிட்டேன்.

மே 23, வெள்ளி

முடிந்தது.

காலை ஆறரைக்கு மதகில் நின்று தேதி, நேரம், சர்வே நம்பர் எல்லாம் சொல்லி ஆரம்பித்தேன். இடையில் எங்கேயும் நிறுத்தவில்லை. முதலில் கிழக்கே புங்கமரம் வரை. அங்கே வாய்க்கால் தெற்கே வளைகிறது. வளைவுக்குக் கீழே இடது பக்கம் முழுக்க நாகநாதன் வயல். நான் என் பக்கத்து மேற்குக் கரை மேலேயே போனேன். வெயில் ஏறிவிட்டது, திரையில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தும் என்ன? கண் முழுக்கக் காலடியில்தான் இருந்தது. நேற்றே டேப் பிடித்து அளந்து முளை அடித்து வைத்திருந்த இடங்களில் நின்று, அகலம் இவ்வளவு, இருக்க வேண்டியது எட்டடி என்று சத்தமாகச் சொன்னேன்.

மூன்றாவது முளை தாண்டி நண்டு வளையில் கால் போய்விட்டது. ஒரு முழங்கால் தரையில். கேமராவை மட்டும் விடவில்லை. எழுந்துவிட்டேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம். முழங்கால் வீங்கியிருக்கிறது. தைலம் போட்டுக்கொண்டேன். நாளைக்கு டிவியில் பார்க்கிறேன்.

மே 24, சனி

போச்சு.

வளைவு வரை பதினோரு நிமிஷம் பிரமாதம். தண்ணீர் போகிற மாதிரி படம் போகிறது. புங்கமரத்தில் நான் தெற்கே திரும்பினேன். கேமரா திரும்பவில்லை. லாக். கிழக்கே பார்க்கச் சொன்னேன், கிழக்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறது. வாய்க்கால் படத்தின் அடியில் ஒரு கீற்று, அவ்வளவுதான். அகலம் எங்கே தெரிகிறது? மண்ணாங்கட்டி.

நிறுத்தப் போனேன். நிறுத்தவில்லை.

வயலுக்குள் ஒரு ஆள் போகிறான். என் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது: "இங்கே நாகநாதன் என்பவர் ஒன்றரை அடி உள்ளே வந்திருக்கிறார், கவனிக்கவும்." கவனிக்கச் சொன்ன இடத்தில் நாகநாதன் என்பவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்வரப்பில் நடந்துகொண்டிருக்கிறான். அறுபதடி தூரம் இருக்கும். என் இடது பக்கம்.

முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் வேகமாக நடக்கிறவன். முழங்காலை மடக்கி நான் நடந்த நடைக்கு எவனும் தற்செயலாக ஈடு கொடுக்க முடியாது. முளைக்கு முளை நான் நின்றேன். நின்ற இடத்தில் எல்லாம் அவனும் நிற்கிறான். நான் சொன்னதெல்லாம் காதில் விழுந்திருக்கும்.

பிறகு நண்டு வளை. படம் அப்போதும் ஆடவில்லை, கொஞ்சம் கீழே இறங்குகிறது. "ச்சே" என்று என் குரல். அங்கே மண்வெட்டி கீழே விழுகிறது. அவன் ஓடி வருகிறான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயலுக்குக் குறுக்கே. பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்திருப்பான். படம் மேலே எழுகிறது, நான் எழுந்துவிட்டேன். அவன் நின்றுவிடுகிறான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, குனிந்து, தரையில் எதையோ தேடுகிறவன் மாதிரி. உளுந்து பறித்து முடித்த வெறும் வயல். அங்கே என்ன இருக்கிறது தேட?

அந்த இடத்தை நாலு தடவை பார்த்தேன்.

மே 25, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

வேம்புவைக் கூடத்தில் கிடத்தியிருந்தது. நாகநாதன் கோடிப் புடவையோடு வாசலில் வந்து நின்றான். பிறந்த வீட்டுப் புடவையைப் போர்த்தித்தான் எடுப்பது. "வாய்க்காலைத் தின்னவன் கையால என் பொண்டாட்டிக்குப் புடவை வேணாம். போடா" என்றேன். ஊரே நின்றது. செங்கமலம் என் கையைப் பிடித்தாள், உதறினேன். அவன் புடவையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு போனான்.

வாய்க்காலில் நான் சொன்னது சரி. இன்றைக்கும் சரி. ஆனால் புடவை எனக்கா வந்தது? அவளுக்கு வந்தது. அவளைக் கேட்டேனா நான்?

மே 26, திங்கள்

மறுபடி எடுக்கப் போனேன். பட்டனை ஃபாலோவில் வைத்துக்கொண்டேன். யூசுப்பிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

புங்கமரத்தில் நின்று, இந்தத் தடவை தலையை முழுக்க இடது பக்கம் திருப்பினேன். நின்றுகொண்டிருந்தான்.

"சும்மா நிக்கிறதுக்கு இங்க வந்து டேப்போட மறுமுனையைப் புடிக்கலாம்ல?" என்றேன். ஒன்பது வருஷத்தில், அந்தப் புடவை நாளைத் தவிர, அவனிடம் பேசியது அதுதான்.

மண்வெட்டியைத் தரையில் ஊன்றினான். பிறகு வந்தான். காய்ந்த வாய்க்காலில் இறங்கி, டேப் முனையைத் தன் கரையில் வைத்து அழுத்தினான். ஐந்தே முக்கால் அடி.

"ஒன்றரை என்னுது" என்றான். "முக்கா அடி உங்க கரை, அத்தான்."

"அது புல்லு மண்டிக் கிடக்கு."

"புல்லுக்கு அடியில மண்ணு இருக்கு."

"மனுவை நான் வாபஸ் வாங்க மாட்டேன்."

"யாரு வாங்கச் சொன்னா? வாங்காதீங்க." டேப்பைச் சுற்றிக்கொண்டே சொன்னான்: "அக்கா இருந்திருந்தா இந்த டேப்பாலேயே ரெண்டு பேரையும் சாத்தியிருக்கும்."

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

போகும்போது என் கையைப் பார்த்தான். "எப்போலேர்ந்து?" என்றான். தையிலிருந்து என்றேன். வேறு யாரிடமும் சொல்லாததை இவனிடம் ஏன் சொன்னேன்?

மே 28, புதன்

ஜமாபந்தி. மனு, கூடவே படம். அதே அதிகாரி இல்லை, வேறொருவர். வளைவு தாண்டியும் பார்த்தார். தலை சுற்றவில்லை. "டேப்பை அந்தப் பக்கம் பிடிச்சிருக்கறவர் யாருங்க?" என்று கேட்டார்.

"எதிராளி" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஜூன் 8

நாகநாதன் உள்ளே தள்ளிய தன் கரையை வெட்டி எடுக்கிறான், தனி ஆளாக. நான் என் பக்கத்துப் புல்லைச் செதுக்கினேன். கொஞ்சம் மண்ணும் வந்தது.

ஜூன் 27, வெள்ளி

தண்ணீர் வந்துவிட்டது. மதகில் திறந்து ஒன்றேகால் மணி நேரத்தில் கடைமடை. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் வருவதை, அதன் கூடவே நடந்து, முழுக்கப் படம் எடுத்தேன். யாருக்கும் காட்ட இல்லை. செங்கமலத்துக்கு வேண்டுமானால் அனுப்பலாம். நேற்று அவளே கூப்பிட்டாள். கண் ஆபரேஷனுக்கு ஆடி கழியட்டும் என்றேன். முடியாது என்று சொல்லவில்லை.

மே 23 படத்தில் வளைவு வரை உள்ளதை அழித்துவிட்டேன். மீதியை வைத்திருக்கிறேன்.

கடைமடையில் நாகநாதன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தான். இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்தப் புடவை இருக்கா?" என்று கேட்டேன்.

எந்தப் புடவை என்று அவன் கேட்கவில்லை. "பீரோவுல இருக்கு, அத்தான்."

"ஆவணில தெவசம் வருது. படையல்ல வைக்கணும். எடுத்துட்டு வா."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வைதான். வெயில் அப்படி.

திரும்பி வரும்போது வரப்பு ஒற்றையடியாகத்தான் இருந்தது. அவன் வரப்பை எனக்கு விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி, வீடு வரை என் இடது பக்கமாகவே வந்தான்.