கூழ் வார்த்த அன்று நீ வாசித்த கிதார்

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவள், ஹெட்போனில் ஒரு பக்கத்தை எனக்கும் நீட்டினாள். பேர்போன ராக் கிதார் கலைஞர்கள் தாங்கள் தொடங்கிய கதையைச் சொல்லும் ஆவணப்படம். நரைத்த தலையும் கையெல்லாம் பச்சை குத்தலுமாக ஒருவர், அக்கா வெளியே போகும் நேரம் பார்த்து அவள் கிதாரை எடுத்துப் பழகியதைச் சொல்லிச் சிரித்தார். இன்னொருவர் மாதா கோவிலில் தொடங்கினாராம், உன்னைப் போல. ‘உங்களுக்கே உரிய சத்தம் எப்போது கிடைத்தது?’ என்று எல்லோரிடமும் கேட்டார்கள். நான் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது. உன்னிடம் யாரும் கேட்கவில்லையே என்றிருந்தது. கேட்டிருந்தால் எங்கள் ஊர் அம்மன் கோவிலைத்தான் சொல்லியிருப்பாய்.

தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரிலிருந்து வந்த நீ, கம்பெனி ஹாஸ்டலுக்குள் துணிப்பையைவிடப் பத்திரமாகக் கிதாரைத் தூக்கிக்கொண்டு நுழைந்தாயாம். வேலையில் உன்னை என் பக்கத்தில் நிறுத்தினார்கள். சுவருக்கு அந்தப்புறம் தகடு அடிக்கும் மெஷின்கள். நாங்களெல்லாம் காதை அடைத்துக்கொள்வோம். நீ அடைப்பானைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பாய்.

“ஏட்டி, இந்தச் சத்தம் கிதார்ல வரணும்ட்டி. கோவில்ல வாசிக்கும்போது எப்பவும் மெதுவா, மெதுவான்னே சொல்லுவாவ.”

“இன்னாடி, லூசா நீ? தலவலி சத்தத்தப் போய் கேட்டுக்கினு கீற!”

ஹாஸ்டலில் வாசிக்கத் தடை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சேரப்பணஞ்சேரிக்கு, எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வருவாய். போனில் பார்த்துப் பார்த்து ராக் பழகினாய். விரல் வேகம் வந்துவிட்டது. சத்தம் மட்டும் சாதுவாகவே இருந்தது. “அழத் தெரியுது, கத்தத் தெரியலயே இதுக்கு” என்று கிதாரின் முதுகில் தட்டுவாய்.

அந்த வருஷம் ஆடியில் கூழ் வார்க்க உன்னைக் கூப்பிட்டிருந்தேன். வழக்கம்போலக் கிதாரோடு வந்திருந்தாய். ஆடிதோறும் அம்மன் வருவது என் அத்தை மேல்தான். அன்று பம்பைக்காரர்கள் கை ஓயும்வரை அடித்தும் அத்தை மரம்போல நின்றாள். ஏரிக்கரை நிலமெல்லாம் மனைகளாகி விற்றுப்போன வருஷம் அது. “ஆத்தாவுக்கு ஊரு மேல கோவம்” என்று முணுமுணுப்பு கிளம்பியது. அத்தைக்கு முகம் செத்துவிட்டது. எல்லோர் கண்ணும் அவள் மேல் இருந்தது.

பம்பை நின்ற இடைவெளியில் நீ என் காதருகே குனிந்தாய். “நான் வாசிக்கட்டுமாட்டி? வேதக்காரி நான், தப்பா எடுத்துக்கிடுவாவளோ?”

நான் பதில் சொல்லுமுன், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மைக்செட்காரர் முந்திக்கொண்டார். “சாமிக்கும் காது கீதும்மா. வாசி.”

உன் கிதாரின் துளையருகே மைக்கை வைத்து அவர் சத்தத்தைத் திருப்பினார். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அலறியது. காக்கைகள் கலைந்து பறந்தன. நீ தந்தியை அடித்தாய். அது கிதார் சத்தமாகவே இல்லை. தகடு கிழிவதுபோல, பிசிறும் கொதிப்புமாக ஊரின்மேல் விழுந்தது. “கோயில்ல இன்னாடி இது கூச்சல்?” என்று ஒருவர் எழுந்து வந்தார். நீ பயந்து கையை எடுக்கப் போனாய்.

அப்போதுதான் அத்தையின் தோள் குலுங்கியது. தலைமுடி அவிழ்ந்தது. பம்பைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு உன் அடிக்குள் பாய்ந்தார்கள். எழுந்து வந்தவரே கும்பிட்டபடி கத்தினார்: “நிறுத்தாத பொண்ணே! வாசி, வாசி!”

நீ வாசித்தாய். கன்னத்தில் வழிந்தது வியர்வையா கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் என் கையைப் பிடித்து, “கேட்டியாட்டி? இதாம்ட்டி என் சத்தம்” என்றாய். அத்தை தெளிந்து எழுந்து, முதல் சொம்புக் கூழை உனக்குக் கொடுத்தாள்.

காண்டிராக்ட் முடிந்து ஊருக்குப் போன பிறகும், ஆடி பிறந்தால் கிதாரோடு பஸ் ஏறிவிடுவாய். அங்கே கல்யாண வீடுகளில் வாசிக்க ஒரு குழு சேர்த்திருந்தாய். “மண்டபத்துக்காரன் சத்தத்தக் குறைக்கச் சொல்லுதான்ட்டி, குறைப்பனா நான்?” என்று போனில் சிரிப்பாய். போன ஐப்பசியில் உன் எண்ணிலிருந்து உன் அண்ணன் பேசினார். மஞ்சள் காமாலை என்றார். முற்றிப்போன பிறகுதான் தெரிந்ததாம்.

இந்த ஆடியில் அத்தை கூழ்ப்பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சாலையையே பார்த்தாள். “இன்னாடி, கித்தாரு பொண்ண இன்னும் காணோம்?”

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “கச்சேரி கீதாம் அத்த. அதான் வர முடியல” என்று வந்தது.

“இருக்கட்டும், இருக்கட்டும். நல்லா வாசிக்கட்டும்” என்று அத்தை கூழைக் கலக்கப் போய்விட்டாள். அவளிடம் மட்டுமல்ல, ஊரில் யாரிடமும் நான் சொல்லவில்லை. இங்கே எல்லோருக்கும் நீ எங்கேயோ ஒரு மண்டபத்தில் காது கிழிய வாசித்துக்கொண்டிருக்கிறாய். நீ இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அது என்னோடு இருக்கட்டும்.